பொட்டலம் பாடவில்லை

"நாய் இருக்குங்களா?"

"இருக்கு, இருக்கு. ஒண்ணும் பண்ணாது. உள்ள வாங்க!"

"உறுமுற மாதிரி இருக்குங்களே..."

"உறுமலா? அட, அது பாட்டும்மா! எங்க பொட்டலம் காலையில கொஞ்சம் பாடுவான். நீங்க பாட்டுக்கு வாங்க, அவன் பாட்டுக்குப் பாடட்டும்!"

சன்னலுக்கு உள்ளே இருந்து இப்படிச் சொன்னவர் அப்பா. பேருந்து ஓட்டுநர். அன்று மதியம்தான் அவருக்கு வேலை. அதனால் நிதானமாகச் சவரம் செய்துகொண்டிருந்தார். பாதி முகத்தில் சோப்பு நுரை.

கேட்டுக்கு வெளியே நின்றவர் மின்சார மீட்டர் பார்க்க வந்த அக்கா. அந்தத் தெருவுக்குப் புதிது. ஒரு கையில் எண்களைத் தட்டிப் பதிகிற சின்ன இயந்திரம். இன்னொரு கையில் டார்ச்.

அக்கா தயங்கித் தயங்கி உள்ளே வந்தார்.

மீட்டர் வாசல் மூலையில், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் இருந்தது. அதற்கு நேர் கீழேதான் பொட்டலத்தின் சாக்கு. யார் வந்தாலும் பொட்டலம் எழுந்து வழிவிட மாட்டான். வீட்டில் எல்லாரும் அவனைத் தாண்டித்தான் போவார்கள். அக்காவும் ஒரு காலை அந்தப் பக்கம், ஒரு காலை இந்தப் பக்கம் வைத்துக் குனிந்து, டார்ச்சை அடித்தார்.

"உர்ர்ர்ர்..."

"பாருங்க, சுருதி கூடுது!" என்றார் அப்பா.

"ஐயோ! அம்மா!"

கடித்துவிட்டான். கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே. ரத்தம் வந்தது.

உள்ளே இருந்து முதலில் ஓடி வந்தவள் சுண்டெலி. நான்காம் வகுப்பு. கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், எங்கே இடுக்கு இருந்தாலும் நுழைந்துவிடுவாள். அப்பா வைத்த பெயர் அதனால்தான் நிலைத்துவிட்டது.

"அக்கா, இங்க வாங்க. இந்தக் கல்லுல உக்காந்து காலைக் குழாய்க்குக் கீழ நீட்டுங்க."

அம்மா ஒரு துணியோடு ஓடி வந்தார். அம்மா வீட்டிலேயே துணி தைப்பவர். வாயில் இன்னும் இரண்டு குண்டூசி இருந்தது. அதைத் துப்பிவிட்டு, "முதல்ல இறுக்கிக் கட்டுவோம்டி!" என்றார்.

"கட்டக் கூடாதும்மா! சோப்புப் போட்டுக் கழுவணும். தண்ணி ஓடிக்கிட்டே இருக்கணும். கால் மணி நேரம். பள்ளிக்கூடத்துக்கு வந்த நர்ஸம்மா சொன்னாங்க."

"கால் மணி நேரமா? தொட்டியே காலியாயிடுமே!" என்றார் நுரை முகத்தோடு ஓடி வந்த அப்பா.

"காலியாகட்டும்பா!"

தண்ணீர் ஓடியது. சுண்டெலி சோப்பை நுரைத்து நுரைத்துப் போட்டாள். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். பிறகு அப்பாவைப் பார்த்து மெதுவாக, "பாட்டுன்னு சொன்னீங்களே சார்," என்றார்.

பொட்டலம் அலமாரிக்கு அடியில் போய்ப் பாதி உடம்பை ஒளித்துக்கொண்டு நடுங்கினான். மீதிப் பாதிக்கு அங்கே இடமில்லை.

ஒரு காலத்தில் இருந்திருக்கும். மழையில் நனைந்து கிடந்த குட்டியை அப்பா செய்தித்தாளில் சுற்றி எடுத்து வந்தபோது, "என்னங்க இது, கடலைப் பொட்டலமா?" என்றுதான் அம்மா பிரித்தார். இப்போது ஒரு வருடத்துச் செய்தித்தாள் சேர்த்தாலும் அவனைச் சுற்ற முடியாது.

*

மருத்துவமனைக்கு ஆட்டோவில் அக்கா, அப்பா, சுண்டெலி மூன்று பேரும் போனார்கள். டாக்டரம்மா முதலில் அப்பாவைத்தான் பார்த்தார்.

"உங்களுக்கு என்ன? முகத்துல ஒரு பக்கம் மட்டும் ஏதோ..."

"இது சவரம்ங்க. பாதியில ஓடி வந்துட்டேன். கடி இவங்களுக்கு."

டாக்டரம்மா காயத்தைப் பார்த்தார். "நல்லாக் கழுவியிருக்கீங்க. யாரோட நாய்?"

"எங்களோடதுதான்."

"வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்கா?"

"அதெல்லாம்... போட்டிருக்கோம்," என்றார் அப்பா.

சுண்டெலி அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். போன வருடம் ஊசி போடக் கூட்டிப் போனார்கள். கால்நடை மருத்துவமனை வாசலில் இருந்த கம்பத்தைப் பொட்டலம் முன்னங்கால்களால் கட்டிக்கொண்டான். இழுத்தால் கம்பம்தான் வரும் போலிருந்தது. "சரி, அடுத்த வாரம் பாத்துக்கலாம்," என்று அப்பா திருப்பிக் கூட்டி வந்துவிட்டார். அந்த அடுத்த வாரம் இன்னும் வரவில்லை.

இதைச் சொன்னால் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ?

சுண்டெலி அக்காவின் காலைப் பார்த்தாள்.

"டாக்டர், குட்டியா இருந்தப்போ போட்டோம். போன வருஷம் போடல."

அப்பாவின் காது சிவந்தது. "ஆமாங்க," என்றார். "பாப்பா சொல்றதுதான் சரி."

"கடிபட்டவங்க உயிர் விஷயம் சார் இது. ஊசி எப்படியும் போடத்தான் போறேன். ஆனா என்கிட்ட உண்மையைச் சொல்லணும்." டாக்டரம்மா சுண்டெலி பக்கம் திரும்பினார். "நாயைப் பத்து நாள் வீட்டுக்குள்ளயே கட்டி வெச்சுக் கவனிக்கணும். சாப்பிடுதா, தண்ணி குடிக்குதா, நடை மாறுதான்னு பாரு. எது மாறினாலும் உடனே வந்து சொல்லணும்."

"அவனைப் பிடிச்சுட்டுப் போயிட மாட்டீங்களே?"

"நீ கவனிக்கிற வரைக்கும் நான் எதுக்குப் பிடிக்கப் போறேன்?"

ஊசி போட்டுக்கொண்டு அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். சுண்டெலி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ரொம்ப வலிக்குதாக்கா?"

"வலி கூடப் பரவால்ல பாப்பா. என் வேலையே கேட்டைத் திறக்கிறதுதான். இப்ப ஒரு கேட்டுல கை வைக்கணும்னு நினைச்சாலே கை நடுங்குது. எல்லா வீட்லயும் இதையேதான் சொல்றாங்க, 'ஒண்ணும் பண்ணாது, ஒண்ணும் பண்ணாது'ன்னு. எந்த ஒண்ணும் பண்ணாது நிஜம்னு எனக்கு எப்படித் தெரியும்? வேலையை விட்டுடலாம் போல இருக்கு."

சுண்டெலி அக்காவின் பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

*

"கடிச்ச நாய் இனி இந்த வீட்ல வேண்டாம்," என்றார் அம்மா. "உங்க டிப்போ காவலாளி ஒரு நாய் கேட்டாரே. குடுத்துடுங்க."

"அம்மா!"

"என்னடி அம்மா? எனக்கு மட்டும் அவன் மேல ஆசை இல்லையா? இன்னிக்கு அந்தப் பொண்ணு காலு. நாளைக்கு யாரு வீட்டுக் குழந்தையோ?"

அம்மா சொன்னது சரிதான். அதனால்தான் சுண்டெலிக்கு அழுகை வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள்.

"அம்மா, அவன் ஏன் கடிச்சான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நமக்கே தெரியாம அனுப்பினா, டிப்போவுல போய் இன்னொரு அக்காவைக் கடிப்பானே?"

அம்மா தையல் இயந்திரத்தில் காலை வைத்தவர், மிதிக்காமல் இருந்தார். "சரி. பத்து நாள் எப்படியும் அவன் இங்கதான் இருந்தாகணும். அதுக்குள்ள கண்டுபிடி."

பொட்டலத்தைப் பின்னறையில் கட்டிவிட்டு, சுண்டெலி வாசலுக்கு வந்தாள். சாக்கின் மேல் சுருண்டு படுத்தாள். ஒரே செருப்பு வாடை. பின்னால் சுவர், பக்கத்தில் அலமாரி. தலைக்கு மேல் மீட்டரின் சிவப்பு விளக்கு மினுக் மினுக் என்றது. சுவரோரம் கை பட்ட இடத்தில் பாதி ரப்பர் பந்து ஒன்று. அவனுடைய சொத்து.

யாராவது எதிரே வந்து நின்றால்? எழுந்து போகவே வழியில்லை.

"அப்பா! இங்க வாங்க. இதுல படுங்க."

"நானா?"

"நீங்கதான் இப்ப பொட்டலம். நான் மீட்டர் அக்கா."

அப்பா முழங்காலை மடக்கிப் படுத்தார். "படுத்தாச்சு. லொள்!"

"குரைக்கக் கூடாது. அவன் சும்மாதான் படுத்திருந்தான்."

சுண்டெலி அப்பாவுக்கு இந்தப் பக்கம் ஒரு காலும் அந்தப் பக்கம் ஒரு காலும் வைத்தாள். குனிந்து டார்ச்சை அடித்தாள்.

"ஏய்! கண்ணு கூசுதுடி. தள்ளு."

"ஆகா, என்ன அருமையான பாட்டு!"

"பாட்டா? தள்ளுன்னு சொல்றேன்!"

"சுருதி கூடுதே!" இன்னும் குனிந்தாள்.

"ஏய், மூச்சு முட்டுது! எத்தனை தடவைடி சொல்றது, தள்..."

அப்பா சுண்டெலியின் காலைப் பிடித்துவிட்டார். அப்படியே நிறுத்தினார். பிடித்த தன் கையையே பார்த்தார்.

"உங்களுக்கு வாய் இருக்குப்பா. தள்ளுன்னு சொன்னீங்க," என்றாள் சுண்டெலி. "அவனுக்கு உர்ர் மட்டும்தான் இருக்கு. அவன் பாடவே இல்லப்பா. நாமதான் பாட்டுன்னு சொல்லிக் கை தட்டினோம்."

உள்ளே ஓடிக்கொண்டிருந்த தையல் இயந்திரம் நின்றது.

"நானும்தான் தட்டினேன்," என்றார் அம்மா.

*

சாக்கு பின்னறை மூலைக்குப் போனது. அங்கே யாரும் யாரையும் தாண்ட வேண்டாம். பாதிப் பந்தும் கூடவே போனது.

கேட்டுக்குப் புதுத் தாழ்ப்பாள் வந்தது. அதன் பக்கத்தில் அப்பா தன் பழைய சைக்கிளின் மணியைக் கழற்றி மாட்டினார். ஒரு பலகையில் பெரிய பெரிய பல்லாக வரைந்து, 'கடிக்கும் நாய், ஜாக்கிரதை' என்று எழுதத் தொடங்கினார்.

"இதைப் பாத்தா அக்கா எப்படிப்பா வருவாங்க? பல்லை அழிங்க," என்று சுண்டெலி தூரிகையை வாங்கிக்கொண்டாள். அவள் எழுதியது இதுதான்:

'மணி அடிங்க. நாயைக் கட்டிவிட்டு வந்து நாங்களே திறக்கிறோம். அதுவரை வெளியிலேயே இருங்க.'

அக்காவின் ஒவ்வொரு ஊசிக்கும் அப்பாதான் ஆட்டோ பிடித்துக் கூட்டிப் போனார். சுண்டெலி தினமும் சாயங்காலம் போன் செய்தாள்.

"அக்கா, நான் சுண்டெலி. பொட்டலம் நல்லா சாப்பிட்டான். தண்ணி குடிச்சான். நேராத்தான் நடக்கிறான்."

"ம். எனக்கும் வீக்கம் குறைஞ்சிருக்கு."

மறுநாள்: "அக்கா, இன்னிக்கும் சாப்பிட்டான். அம்மா தைக்க வெச்சிருந்த பட்டனையும் சேத்து."

"ஐயையோ! டாக்டர்கிட்ட சொல்லணுமா?"

"துப்பிட்டான்கா. பிடிக்கலையாம்."

அக்கா சிரித்தார். சுண்டெலி அந்தச் சிரிப்பை முதல்முறையாகக் கேட்டாள்.

பிறகு ஒருநாள் அக்காவே கேட்டார். "பாப்பா, நான் நாளையிலேர்ந்து வேலைக்குப் போய்ப் பாக்கலாம்னு இருக்கேன். உங்க வீட்டு போர்டு மாதிரி இன்னொண்ணு எழுதித் தருவியா? மூலை வீட்டு நாய் கன்னுக்குட்டி சைஸு."

"ஒண்ணு என்னக்கா, நாய் இருக்கிற எல்லா வீட்டுக்கும் எழுதறேன்!"

எழுதினாள். அப்பாவோடு வீடு வீடாகப் போனாள். கேட்டுக்கு வெளியிலேயே நின்று கூப்பிட்டாள்.

"எங்க நாய் ஒண்ணும் பண்ணாதே!" என்றார் மூலை வீட்டு மாமா.

"நாங்களும் அப்படித்தான் மாமா சொல்லிட்டிருந்தோம்," என்றார் அப்பா. மாமா பலகையை வாங்கிக்கொண்டார்.

பத்தாம் நாளும் பொட்டலம் நன்றாகச் சாப்பிட்டான். அன்று அம்மா தையல் இயந்திரத்தில் இருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். தடித்த நீலத் துணியில், இரட்டைத் தையல் போட்ட கழுத்துப்பட்டை.

"அம்மா, இது பொட்டலத்துக்கா?"

"பின்ன, உங்க அப்பாவுக்கா?"

மறுநாள் கால்நடை மருத்துவமனைக்குப் போனார்கள். பொட்டலம் நேராகப் போய்க் கம்பத்தைக் கட்டிக்கொண்டான். இந்த முறை அப்பா திரும்பவில்லை. ஒரு போர்வையில் அவனைச் சுற்றி, 'உம்' என்று தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தார். சுண்டெலி பாதிப் பந்தைக் காட்டிக்கொண்டே பின்னால் ஓடினாள்.

*

டிரிங்! டிரிங்!

"யாரு?"

"மீட்டர்!"

"இருங்கக்கா! உள்ள வந்துடாதீங்க!"

சுண்டெலி பொட்டலத்தைப் பின்னறையில் கட்டினாள். கதவைச் சாத்தினாள். இழுத்துப் பார்த்தாள். அப்புறம்தான் கேட்டைத் திறந்தாள்.

"வாங்கக்கா. அவன் பின்னறையில இருக்கான். கட்டியிருக்கு, கதவும் சாத்தியிருக்கு."

"சாரிம்மா," என்றார் அப்பா. இரண்டு கன்னமும் வழவழவென்று இருந்தன. "பொட்டலத்தையும் கூட்டிட்டு வந்து சாரி சொல்ல வெக்கட்டுமா?"

"வேண்டாம்பா. அக்காவுக்கா எப்பத் தோணுதோ அப்பப் பாக்கட்டும்," என்றாள் சுண்டெலி.

அக்கா அவளைப் பார்த்துத் தலையசைத்தார். குனிந்து டார்ச்சை அடித்தார். ஒரு தடவை பின்னறைப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். ஆனாலும் எண்களைத் தட்டி முடித்தார்.

அப்போது பின்னறைக் கதவுக்கு உள்ளே இருந்து, "உர்ர்ர்..."

அக்கா நிமிர்ந்தார். அப்பா வாயைத் திறந்து, மூடிக்கொண்டார்.

"என்ன சொல்றான் பாப்பா?" என்று கேட்டார் அக்கா.

"அவனுக்கு நீங்க இன்னும் பழகலையாம்கா."

"எனக்கும் அவன் பழகலைன்னு சொல்லு."

சுண்டெலி கதவருகே போய்ச் சொன்னாள்: "டேய், அக்காவும் அதையேதான்டா சொல்றாங்க!"

உள்ளே உறுமல் நின்றது. பாதிப் பந்து தரையில் 'டப்' என்று விழும் சத்தம் கேட்டது.

அக்கா சிரித்துக்கொண்டே பையை மாட்டினார். சுண்டெலி கேட்டைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

டிரிங்! மூலை வீட்டில் மணி அடித்தது.

"இரும்மா, இரு!" என்று மாமாவின் குரல் தெருவெல்லாம் கேட்டது. "கட்டிட்டு வர்றேன்!"