அழகுக்கலை நிபுணர் தேவை, அல்லைப்பிட்டி

விளம்பரம் போட்ட மறுநாள் காலை அஜந்தா ஸ்பா அறையைத் திறந்தபோது துவாய்கள் எல்லாம் சுருட்டி அடுக்கிக் கிடந்தன. முதல்நாள் பூட்டிவிட்டுப் போகும்போது அவள் அவற்றை மடித்துத்தான் வைத்திருந்தாள். சுருட்டி வைப்பது அங்கே வேலை செய்த துசாராவின் பழக்கம். துசாராவை அடக்கம் செய்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை.

கடற்கரையோரம் அஜந்தாவின் அண்ணன் சுவிஸ் காசில் கட்டிய விடுதியின் பின்பக்கத்து அறை அது. ஒரு கட்டில், சுவரளவு கண்ணாடி, முகத்துக்கு ஆவி பிடிக்கும் மெஷின், எந்நேரமும் உப்புக் காற்றில் நமுத்துப்போகும் பஞ்சுப் பெட்டிகள். வெளிநாடுகளிலிருந்து கலியாணத்துக்கு வரும் பெண்கள் துசாராவின் கைக்காகவே பண்ணைப் பாலம் தாண்டி வந்தார்கள். ஒருநாள் வேலை முடிந்து அதே பாலத்தால் யாழ்ப்பாணம் திரும்பிய துசாரா வீடு போய்ச் சேரவில்லை. ஸ்கூட்டி தெருவோரம் நின்றது. அவளைக் கடல் சில நாட்கள் வைத்திருந்துவிட்டுத்தான் கொடுத்தது.

அஜந்தா அழவில்லை. அழக்கூடாது என்று இருந்ததுமில்லை. பல்லுக்கு ஊசி போட்ட பிறகு கடித்தாலும் தெரியாத கன்னம் போல உள்ளுக்குள் எல்லாம் விறைத்துக் கிடந்தது. சாப்பிட்டாள், படுத்தாள், எழும்பினாள். தைமாதக் கலியாணங்களுக்கு முகம் செய்ய ஆள் வேண்டுமே என்று ஒருநாள் நினைவு வந்தது. போனை எடுத்துத் தட்டினாள்: ‘அழகுக்கலை நிபுணர் உடனடியாகத் தேவை. தோல் பராமரிப்பில் அனுபவம் விரும்பத்தக்கது. பெண்கள் மட்டும். தங்குமிட வசதி உண்டு.’ எழுதும்போதும் ஒன்றும் தோன்றவில்லை.

“பத்தியண்ணை, துவாயளை ஆர் சுருட்டினது?”

விடுதியைப் பார்த்துக்கொள்ளும் பத்திநாதர் கதவு நிலையோடு நின்றுவிட்டார். “நான் அந்த அறைக்குள்ள போறேல்லைப் பிள்ளை. அந்தப் பிள்ளையின்ர முப்பத்தோராம் நாள் பூசை முடியட்டும் எண்டு பாத்திருக்கலாம் நீர்.”

“கலியாணக்காரர் பொறுப்பினமே?”

அறைக்குள் எட்டிப் பார்த்தவர் சிலுவை போட்டுக்கொண்டு போய்விட்டார்.

விளம்பரத்தைப் பார்த்து அழைத்தது ஒருத்திதான். நிமலினி என்று பெயர். யாழ்ப்பாணத்தில் ஒரு சலூனில் வேலை செய்கிறவள்.

“கதிரையில இருத்திக் கேள்வி கேட்டு ஒண்டும் தெரியாது, நிமலினி. நீர் பின்னேரம் வாரும். கதவு திறந்திருக்கும். நான் வாடிக்கையாளர் மாதிரிக் கட்டிலில படுத்திருப்பன். ஒண்டும் கதையாமல் வேலையைத் தொடங்கும். கை பட்டால் எனக்குத் தெரியும்.”

“ஓம் அக்கா. கட்டாயம் வாறன்.”

பின்னேரம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. அஜந்தா தலைமயிரைத் துணியால் கட்டி, நனைத்த பஞ்சைக் கண்களில் வைத்துக்கொண்டு படுத்தாள். ஓட்டில் விழும் முதல் துளிகளும், தூரத்தில் யாரோ இழுத்துப் பார்த்துக் கைவிடும் படகு இயந்திரமும், ஆவி மெஷினுக்குள் தண்ணீர் குமிழியிட்டுக் கொதிக்கும் மெல்லிய சத்தமும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து அவளை நித்திரையின் விளிம்புவரை கொண்டுபோயின.

கதவு திறந்தது. வெறுங்கால்கள். சீமெந்து நிலத்தில் ஈரம் ஒட்டி ஒட்டி விடுபடும் சத்தம். கைகழுவும் பேசினில் தண்ணீர் ஓடியது, நின்றது.

கைகள் குளிர்ந்திருந்தன. மழையில் வந்தவள்தானே என்று நினைத்தாள். அவை முகத்தைத் தொடவில்லை. முதலில் இரண்டு உள்ளங்கைகளாலும் அவளுடைய காதுகளைப் பொத்தி, மழையையும் கடலையும் தூரத் தள்ளி, அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தன. பிறகு தாடை, கன்னம், நெற்றிப்பொட்டு. நல்ல கை. துசாராவும் காதைப் பொத்தித்தான் தொடங்குவாள். வேறு யாரும் அப்படிச் செய்து அவள் பார்த்ததில்லை. ஒருவேளை ஒரே இடத்தில் படித்திருப்பார்கள்.

மூச்சை இழுத்தபோது மணந்தது. கிறீம் இல்லை. கரையில் ஒதுங்கி அழுகும் சாதாளைக் கடற்புல்.

முகப்பூச்சு விழுந்தது. தடிப்பாக, குளிராக. நாடியிலிருந்து நெற்றிவரை, கண்ணில் கிடந்த பஞ்சுக்கும் கீழாக. அது இறுக இறுக முகம் விறைத்தது. பிறகு முகம் இருப்பதே தெரியவில்லை.

தலைமாட்டில் போன் அடித்தது. தடவி எடுத்துக் காதில் வைத்தாள்.

“அக்கா, குறை நினையாதேங்கோ. நிமலினி கதைக்கிறன். பஸ் பழுதாப்போய்ப் பண்ணையடியில நிக்குது. இன்னும் கொஞ்ச நேரத்தில வந்திடுவன்.”

கைகள் நிற்கவில்லை.

அஜந்தா வாயைத் திறக்கப் பார்த்தாள். உதடு அசையவில்லை. விரல்கள் வந்து போனை அவளிடமிருந்து மெதுவாக வாங்கி, மேசையில் வைத்தன.

கோயிலில் துசாராவின் சவப்பெட்டியைத் திறக்கவில்லை. அது இப்போதுதான் நினைவு வந்தது. தாய் குழறிக் கேட்டும் திறக்கவில்லை. பார்க்கிற மாதிரி இல்லை என்று யாரோ சொன்னார்கள். கடலுக்குள் கிடந்ததுதானே என்றார்கள். என்ன இல்லை என்று அவள் கேட்கவில்லை.

நாடிக்குக் கீழே ஒரு நகம் விளிம்பைத் தேடியது.

கண்டுபிடித்தது.

நோகவில்லை. சத்தம் மட்டும். ஈரக் கடதாசியைச் சுவரிலிருந்து உரிக்கிற சத்தம். நாடி. உதடு. மூக்கு. பொறுமையாக, எங்கும் கிழிந்துவிடாமல். கண்.

வெளிச்சம் வந்தது.

கண்ணாடிக்கு முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு ஒருத்தி நின்றாள். துசாரா வேலைக்கு உடுத்தும் நீலச் சீருடை. தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டியது. இரண்டு கைகளிலும் எதையோ ஏந்தியிருந்தாள். மெல்லிய, தொய்ந்த ஒன்று. அதில் புருவம் இருந்தது. கண்ணிமை மயிர் இருந்தது.

அதைத் தன் நாடியிலிருந்து மேலே போட்டாள். தட்டினாள். காதோரம் விளிம்பைத் தடவி ஒட்டினாள். நல்ல கை.

கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

“அக்கா, நிமலினி வந்திருக்கிறன்.”

“உள்ள வாரும்.”

அஜந்தாவின் குரல்தான். கட்டிலிலிருந்து வரவில்லை.

கண்ணாடிக்கு முன்னால் நின்றவள் திரும்பினாள்.

அஜந்தா கண்ணை மூடப் பார்த்தாள். மூடுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.