வாசலில் மிஞ்சிய ஒரு ஜோடி

செல்போன் அலறியது!

இன்ஸ்பெக்டர் தபீதாள், வாய்க்குப் போன இட்லியைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"அக்கா... நான் ஜீவிதா... பெரும்பாக்கம்..."

"எந்த ஜீவிதா?"

"எங்க பிளாக்குல வந்து மீட்டிங் போட்டியேக்கா... ஆபத்துன்னா கூப்புடுன்னு நம்பர் குடுத்தியே... ஆபத்துக்கா!"

ஒரு இருமல். பின்னால் பல பெண்களின் இருமல்.

"எங்கம்மா இருக்கே?"

"பம்மல்... எலியேசர் க்ளவ்ஸு. உள்ள வெச்சுப் பூட்டிட்டாங்கக்கா! லைட்டையும் அணைச்சிட்டாங்க. எவனோ இருட்டுல சொல்யூசன் டின்ன ஒதச்சுக் கவுத்துட்டான்... மூச்சு வுட முடியல... செல்லம்மாக்கா பேச்சு மூச்சு இல்லாம கீது..."

"கதவைத் தட்டும்மா! கத்து!"

"இரும்புக் கதவுக்கா... வெளிய யாருக்கும்..."

கட்!

தபீதாள் திரும்பக் கூப்பிட்டாள். அந்த எண் அணைக்கப்பட்டிருப்பதாக ஒரு பதிவு செய்யப்பட்ட குரல் நிதானமாகச் சொன்னது. அந்தக் குரலுக்கென்ன, அதன் மூச்சு நன்றாக இருந்தது.

"கதிரேசன்! வண்டியை எடுங்க!"

ஹெட் கான்ஸ்டபிள் கதிரேசன் கையில் வடையோடு ஓடி வந்தார்.

"இன்னா மேடம்... டிபன் கூட துன்னாம?"

"தோல் ஒட்டற சொல்யூஷன் கொட்டியிருக்கு. மூடின ரூம். உள்ள பொம்பளைங்க. அந்த ஆவியைச் சுவாசிச்சா முதல்ல மயக்கம்..."

"அப்பால?"

"அப்புறம் நமக்கு வேலை இல்ல. பிரேதப் பரிசோதனை டாக்டருக்குத்தான் வேலை. ஆம்புலன்ஸுக்கும் சொல்லிடுங்க."

கதிரேசன் வடையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஜீப்பைக் கிளப்பினார்.

எலியேசர் க்ளவ்ஸ். வெளிநாட்டுக்காரர்கள் குளிரில் மாட்டிக்கொள்ளும் தோல் கையுறைகளை வெயிலில் தைக்கும் இடம். வாசலில் இரண்டு வாழை மரங்கள். நடுவில் ஒரு பெரிய போர்டு: 'மனித உரிமையே எங்கள் உயிர்!'

கதிரேசன் அந்த உயிரின் மேல் கையை ஊன்றினார். கை நீலமானது.

"மேடம்... இன்னும் காயல!"

வெள்ளைச் சட்டையோடு ஒருவர் கையில் பூங்கொத்துடன் ஓடி வந்தார். முதலாளி எலியேசர்.

"வாங்க மேடம்! ஸ்தோத்திரம்! இன்னைக்கு எங்களுக்கு சர்ப்ரைஸ் ஆடிட். திடீர்னு வந்துட்டாங்க!"

தபீதாள் வாழை மரத்தைப் பார்த்தாள். பூங்கொத்தைப் பார்த்தாள்.

"ரொம்பத் திடீர்னுதான் வந்திருக்காங்க போல."

எலியேசருக்குப் பின்னால் கோட்டு சூட்டில் ஒரு மனிதர். காலில் மட்டும் மஞ்சள் நிற சேஃப்டி ஷூ. கோட்டுக்கும் அதற்கும் ஏழாம் பொருத்தம்.

"ஐ யாம் ஷ்யாம்சுந்தர். க்ளவ்ஸ் வாங்கற கம்பெனியோட ஹியூமன் ரைட்ஸ் ஆபீசர். சிறுசேரி ஆபீஸ். வேலை செய்யறவங்களை நல்லா நடத்தறாங்களான்னு நான் செக் பண்ணி ஓகே சொன்னாத்தான் ஆர்டரே. எனி ப்ராப்ளம் இன்ஸ்பெக்டர்?"

"ஜீவிதான்னு ஒரு பொண்ணு எங்கே?"

எலியேசர் பூங்கொத்தை இறுக்கினார். இரண்டு ரோஜா உதிர்ந்தது.

"ஜீவிதாவா? அப்படி யாரும் எங்ககிட்ட வேலை செய்யலையே மேடம்!"

"செல்லம்மா?"

"ம்ஹூம்!"

"எல்லாக் கதவையும் திறங்க. இப்பவே!"

திறந்தார்கள். தையல் ஹாலில் ஃபேன் ஓடியது. வெளிச்சத்தில் கண் கூசியது. பெண்கள் மாஸ்க் போட்டுக்கொண்டு மெஷினில் உட்கார்ந்திருந்தார்கள். கழிப்பறையில் சோப்பு இருந்தது, உறைகூடப் பிரிக்காமல். சுவரில் தீயணைக்கும் சிவப்பு சிலிண்டர். ஸ்டோர் ரூமில் தோல் கட்டுகள்தான்.

இருமல் சத்தம் எங்கேயும் இல்லை. எங்கேயோ ஒரு இருட்டறையில் ஒருத்தி இவளை நம்பிக்கொண்டு கிடக்கிறாள்.

"ஸ்டாப்!" என்றார் ஷ்யாம்சுந்தர். கதிரேசனின் காலைக் காட்டினார். "என்ன இது? ரப்பர் செருப்பு?"

"யூனிபார்ம் ஷூ காலக் கடிக்குது சார். ஒரு வாரமா பேஜாரு."

"சேஃப்டி ஷூ இல்லாம யாரும் ஒர்க் ஏரியாவுக்குள்ள வரக் கூடாது! வேலை முடியற வரைக்கும் கழட்டவே கூடாது! தொழிலாளியோட பாதத்துக்கும் உரிமை இருக்கு, மிஸ்டர்!"

"பாதத்துக்குமா!" கதிரேசன் தன் பாதத்தை மரியாதையோடு பார்த்தார்.

தபீதாள் நிற்கவில்லை. பின்பக்க கேட்டைத் தள்ளிக்கொண்டு சந்துக்குள் போனாள். கம்பெனியின் பின்சுவரோடு ஒட்டி ஒரு ஓட்டு வீடு. ஜன்னலெல்லாம் பலகை அடித்திருந்தது. இரும்புக் கதவின் மேல் 'ஜெப வீடு' என்று சின்ன போர்டு.

வாசலில் செருப்புகள்! பெண்களின் செருப்புகள். குவியலாக...

"இது யாரு வீடு?"

மூச்சு வாங்க ஓடி வந்த எலியேசர் சொன்னார். "ஜெபக்கூட்டம் மேடம்! உபவாச ஜெபம். சகோதரிங்க காலையிலேர்ந்து உள்ள இருக்காங்க. தொந்தரவு பண்ண வேண்டாமே, ப்ளீஸ்!"

தபீதாள் காதைத் தீட்டினாள். சந்தில் ஒரு காக்கா கத்தியது. வேறு சத்தமே இல்லை.

"எலியேசர் சார். நான் தொட்டில்ல கிடந்த காலத்துலேர்ந்து ஜெபக்கூட்டத்துக்குப் போறவ."

"சந்தோஷம் மேடம்."

"இத்தனை சகோதரிங்க உள்ள இருக்காங்க. ஒரு பாட்டு இல்ல. ஒரு கைத்தட்டல் இல்ல. ஒரு அல்லேலூயா கூட இல்ல!"

"மௌ... மௌன ஜெபம் மேடம்..."

"எங்க வூட்டாண்ட ஒரு ஜெபக்கூட்டம் கீது மேடம்," என்றார் கதிரேசன். "மைக் இல்லாம அவங்க ஆமென் கூட சொல்ல மாட்டாங்கோ!"

"சாவி!"

"சாவி சத்தியமா என்கிட்ட இல்ல மேடம்!" எலியேசர் சொல்லும்போது அவர் பார்வை ஒரு நொடி ஷ்யாம்சுந்தர் பக்கம் போய்த் திரும்பியது.

"கதிரேசன்! அந்த சிவப்பு சிலிண்டர்!"

கதிரேசன் ஓடிப்போய் அதைத் தூக்கி வந்தார். "மேடம், இது காலி! வெயிட்டே இல்ல!"

"இரும்புதானே? பூட்டு மேல போடுங்க!"

ணங்! ணங்! ணங்!

நெருப்பை அணைக்க லாயக்கில்லாத சிலிண்டர் பூட்டை உடைக்க உதவியது. கதவு திறந்ததும் சொல்யூஷன் நெடி முகத்தில் அறைந்தது. தபீதாள் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு பாய்ந்தாள்.

தையல் மெஷின்கள். ஒரு ஃபேன் இல்லை. தரை முழுக்க வெளுத்த தோல் விரித்திருந்தது. அதன் மேல் பெண்கள் சுருண்டு கிடந்தார்கள். சிலர் தாங்களே தவழ்ந்து வெளியே வந்தார்கள். கதிரேசன் மற்றவர்களைத் தூக்கி வந்தார்.

ஜீவிதா கடைசியாக வந்தாள், செல்லம்மாவை இழுத்துக்கொண்டு.

"அக்கா... இதப் பாருக்கா மொதல்ல!"

தபீதாள் செல்லம்மாவைச் சந்தின் காற்றில் ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். முதுகைத் தடவினாள். ஓர் அசைவும் இல்லை. ஜீவிதா அழுதாள். கதிரேசன் தொப்பியைக் கழற்றிவிட்டு வேண்டாத சாமியை எல்லாம் வேண்டினார்.

ஒரு இருமல்!

செல்லம்மா கண்ணைத் திறந்தாள். "இன்னாத்துக்குடி அழுவுற? நான் இன்னா செத்தா பூட்டேன்?"

தபீதாளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை யாரும் பார்க்கவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு துடைத்தாள்.

ஆம்புலன்ஸ் சந்து முனையில் வந்து நின்றது.

"ஷாக்கிங்!" என்றார் ஷ்யாம்சுந்தர். "மிஸ்டர் எலியேசர், இப்படி ஒரு இடம் இருக்கறதே எனக்குத் தெரியாது! எங்க க்ளவ்ஸை இங்கயா தைக்கறீங்க? இன்ஸ்பெக்டர், இந்தாளை உடனே அரெஸ்ட் பண்ணுங்க!"

எலியேசர் வாயைத் திறந்தார். ஷ்யாம்சுந்தர் முறைத்தார். எலியேசர் மூடிக்கொண்டார்.

"பூட்டினது யாரும்மா?" தபீதாள் ஜீவிதாவைக் கேட்டாள்.

"மூஞ்சி தெரியலக்கா. மெயினை ஆஃப் பண்ட்டு ஒர்த்தன் உள்ள வந்தான். 'ஆடிட் முடியற வரைக்கும் மூச்சு காட்டக் கூடாது'ன்னு கிசுகிசுன்னு சொல்லிட்டுத் திரும்பும்போதுதான் டின்ன ஒதச்சான். அப்பாலக் கதவ சாத்திக்கினு பூட்டான். எங்க போனெல்லாம் காலையிலயே வாங்கி வெச்சிக்குவாங்க. நான் ஒண்ண சோத்து டப்பாவுல ஒளிச்சு வெச்சிருந்தேன். அதுலயும் சார்ஜ் பூட்ச்சு."

பெண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு ஆம்புலன்ஸ் பக்கம் நடந்தார்கள். நடக்க முடியாதவர்களின் செருப்பைத் தோழிகள் எடுத்துக்கொண்டார்கள்.

"ஏன் எல்லாரும் வெளியவே கழட்டி விடுறீங்க?"

"உள்ள வாசப்படியிலேர்ந்தே தோலு விரிச்சிருக்குமேக்கா. எல்லாம் வெள்ளத் தோலு. செருப்புக் காலோட மெரிச்சா கற விழுந்துரும். சரக்கு வேஸ்ட்டு. வெளியாளுக்கு அது தெரியாது, எங்களுக்குத் தெரியும்."

ஜீவிதா தன் செருப்பைத் தேடி எடுத்தாள். செல்லம்மாவின் செருப்பையும் எடுத்தாள்.

வாசலில் இன்னும் ஒரு ஜோடி மிச்சம் இருந்தது!

ஆண்களுடைய ஷூ. பழுப்பு நிறம். முகம் பார்த்துத் தலை வாரலாம், அப்படி ஒரு பளபளப்பு.

"எலியேசர் சார், இது உங்களுதா?"

எலியேசர் தன் கால்களைக் காட்டினார். இரண்டிலும் சாண்டல் இருந்தது.

"ஷ்யாம்சுந்தர் சார்?"

"நோ நோ! என் ஷூவை ஆபீஸ் ரூம்ல விட்டுட்டுத்தான் இந்த சேஃப்டி ஷூவை மாட்டினேன்."

"அப்போ அந்த சேஃப்டி ஷூவைக் கொஞ்சம் கழட்டுங்க."

"எதுக்கு?"

"இருட்டுல சொல்யூஷனை உதைச்சவனுக்குக் காலெல்லாம் பசை. பளபள ஷூ கெட்டுடும்னு இங்கயே விட்டுட்டு, வெறும் சாக்ஸோட நடந்திருக்கான். சாக்ஸைப் பார்க்கணும்."

ஷ்யாம்சுந்தர் குனிந்தார். இழுத்தார். முகம் சிவந்தது. ஷூ வரவில்லை.

"நான் இஸ்கறேன் சார்," என்று கதிரேசன் உட்கார்ந்து இழுத்தார். ஷ்யாம்சுந்தர் முழுசாக வந்தார். ஷூ மட்டும் வரவில்லை!

"சாக்ஸும் ஷூவும் ஒண்ணாயிடுச்சு மேடம்! நல்ல கம்பெனி சொல்யூசன்!"

எலியேசர் பூங்கொத்தைக் கீழே போட்டார்.

"சாவி அவர் கோட்டுப் பாக்கெட்டுல இருக்கு மேடம்! இந்தப் பின்பக்க யூனிட்டே அவரோடதுதான். தன் மச்சினன் பேர்ல நடத்தறார். ஆர்டர் குடுக்கறதும் அவரே, தைக்க வைக்கறதும் அவரே, வந்து செக் பண்றதும் அவரே!"

"சொந்த சரக்கு. அதான் மிதிக்க மனசு வரல," என்றாள் தபீதாள். "நீங்க?"

"நான்... ஜெப வீடுன்னு போர்டு மட்டும்தான் மாட்டினேன் மேடம்."

"அப்போ ஜீப்புல அவர் பக்கத்து சீட்டு உங்களுக்கு."

சாவி கோட்டில்தான் இருந்தது. விலங்கு மாட்டும்போது கதிரேசன் தலையைச் சொறிந்தார்.

"மேடம், ஒரு டவுட்டு. லாக்கப்புக்குள்ள ஷூ போடக் கூடாதே... இவுருக்குக் கழலவே மாட்டேங்குதே?"

"விடுங்க கதிரேசன்," என்றாள் தபீதாள். "பாதத்துக்கும் உரிமை இருக்கு!"