கரை ஒதுங்கியவர்

டிரையரிலிருந்து எடுத்த துணிகளெல்லாம் சுடச்சுட இருந்தன. ஒரு துண்டு மட்டும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. பிரீத்தி அதை முகர்ந்து பார்த்தாள். உப்பும் பாசியும் டீசல் புகையும் கலந்த வாடை. அவர்கள் குடியிருக்கும் காப்பெலில் இருந்து கடலைப் பார்க்க வேண்டுமென்றால் அரைநாள் காரோட்ட வேண்டும். இந்த வாடையை அவள் கடைசியாக முகர்ந்தது போன வாரம், டென்மார்க்கில், ஒரு ஃபெரிக் கப்பலின் மேல்தட்டில். மெஷின் பழசாகிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு துண்டை மறுபடி உள்ளே போட்டாள்.

அந்தப் பயணமே அவளுக்குப் பிடிக்கவில்லை. கோபிசெட்டிபாளையத்தில் அப்பா வெள்ளியங்கிரி இறந்தபோது, கிரீன் கார்டு வரிசையில் காகிதங்கள் சிக்கிக் கிடந்தன. வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்ற பயம். கொள்ளி வைத்ததைப் போனில்தான் பார்த்தாள், அதுவும் பாதியில் நெட் நின்றுபோனது. கார்டு கைக்கு வந்ததும் முதலில் ஊருக்குத்தான் என்று நினைத்திருந்தாள். கணவன் ஜெயபிரகாஷ் வேறு நினைத்திருந்தான்.

"ஊருக்குப் போயி யாரப் பாக்கப் போற? எல்லாந்தான் முடிஞ்சுபோச்சே. டென்மார்க் சின்ன நாடு. ட்ரெய்ன்லயும் ஃபெரிலயுமே முழுசா கவர் பண்ணிரலாம்."

கவர் பண்ணினார்கள். புளிசாத டப்பாவோடு ரயில் ரயிலாக ஏறி இறங்கினார்கள். சன்னலுக்கு வெளியே அந்த நாடு துடைத்துவைத்த சமையல் மேடை மாதிரி சுத்தமாக, யாருக்கும் யாரும் வேண்டாததுபோல ஓடிக்கொண்டிருந்தது. கடைசியாக ஒரு தீவு. ஃபெரித் துறைக்குப் பக்கத்தில் வெள்ளை வேலி போட்ட சின்னக் கல்லறைத் தோட்டம். கடலில் செத்துக் கரை ஒதுங்கியவர்களை, ஊர் பேர் தெரியாமலேயே புதைத்த இடம் என்று அங்கே ஒரு பலகை சொன்னது. ஜெயபிரகாஷ் மகள் மானஸாவைத் துறையில் நிற்கவைத்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். பிரீத்தி பெயரில்லாத ஒரு மரச்சிலுவைக்கு முன்னால் உட்கார்ந்தாள். அவளுடைய அப்பாவுக்குக் கல்லறை கிடையாது. எலும்பைப் பவானி கூடுதுறையில் கரைத்தாயிற்று. ஒரு வருடமாக வராத அழுகை, எவனோ ஒருவனின் மண்மேட்டைப் பார்த்து வந்தது.

ஃபெரி ஊதியது. சுடுகாட்டிலிருந்து கிளம்பும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது, யாரையும் வா என்று கூப்பிடக் கூடாது என்பது அவள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். இருந்தும் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பா, எங்கூட வந்துருங்க. வாங்க, வீட்டுக்குப் போலாம்."

சும்மா போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். திரும்பும் ஃபெரியில் அவளுக்குப் பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை. ஆனால் அது ஈரமாக இருந்தது.

துண்டுக்குப் பிறகு மாடிப்படிக் கார்ப்பெட் நனைந்தது. பிளம்பர் வந்து பார்த்து, குழாயில் ஒழுக்கே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். இருட்டிய பிறகு, ஹீட்டர் ஓடி நிற்கும் இடைவெளியில், மானஸாவின் அறைக்கு வெளியே ரொம்பக் கனமான ஒருவர் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு உடம்பை மாற்றி நிற்பதுபோல மரத்தளம் முனகியது. அதோடு சேர்ந்து, நனைந்த கம்பளிக் கோட்டிலிருந்து சொட்டுவதுபோல, அவசரமேயில்லாமல் நீர் சொட்டும் சத்தமும் கேட்டது.

"ஏங்க, வீட்ல யாரோ இருக்கறாப்புல இருக்குதுங்க."

"ஜெட்லேக். தூங்கு," என்றான் ஜெயபிரகாஷ், லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். செத்த அப்பாவின் ஊருக்குப் போவதையே வீண் என்றவன் இதையா நம்பப் போகிறான்? அவனைக் கட்டிக்கொண்டதற்குக் கோபியிலேயே ஒரு கிணற்றைப் பார்த்து விழுந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

மானஸா இருமத் தொடங்கினாள். வைரஸ்தான், சரியாகிவிடும் என்றார் டாக்டர். நெற்றியில் முத்தம் கொடுத்தால் உப்புக் கரித்தது. காலையில் தலையணை நனைந்திருந்தது, முடியில் மணல். குழந்தையின் கை நாளுக்கு நாள் சில்லிட்டுக்கொண்டே வந்தது.

ஒரு சாயங்காலம் மானஸா கட்டிலில் போர்வை இல்லாமல் சுருண்டு கிடந்தாள்.

"போர்வ எங்க கண்ணு?"

"அப்புச்சிக்குக் குடுத்தேன். ஹி இஸ் ஸோ கோல்ட், அம்மா."

அம்மாவின் அப்பாவை அவர்கள் பக்கத்தில் அப்புச்சி என்பார்கள். மானஸா அவரை நேரில் பார்த்ததேயில்லை.

"எந்த அப்புச்சி?"

"யூ கால்ட் ஹிம்." குழந்தை இருமினாள். "அங்க அவர் பெட் எம்ப்டியா இருக்காம். சம்படி ஹாஸ் டு ஸ்லீப் தேர்."

பிரீத்தி அறையைச் சுற்றிப் பார்த்தாள். மூலையில் கிடந்த போர்வையைத் தேடியெடுத்து மகளைக் கழுத்துவரை போர்த்தினாள். ஜெயபிரகாஷ் பிளானோ ஆபீஸிலிருந்து கிளம்பி டோல்வே நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தான். அவன் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். கூப்பிட்டவள்தான் அனுப்பவும் வேண்டும். அறைக்கு வெளியே நடையின் கோடியில் போய்ச் சுவரோடு ஒட்டி நின்று கையைக் கூப்பினாள்.

"தப்பு என்மேலதானுங்க. துக்கத்துல கூப்பிட்டுப்போட்டேன். நீங்க எங்கப்பா இல்லீங்க. போயிருங்க. எங்கொழந்தைய உட்டுருங்க."

சொட்டும் சத்தம் நின்றது.

கண்ணை இறுக மூடிக்கொண்டாள். போகிறவரைப் பார்க்கக் கூடாது.

அறைக்கதவு கிறீச்சிட்டது. குளிர் வந்தது. அவள் இடுப்பை உரசிக்கொண்டு கடந்து போனது. படியில் ஈரக் காலடி. சதக். சதக். கீழே அலாரம் பெட்டியின் பெண்குரல் சொன்னது.

"ஃப்ரன்ட் டோர் ஓப்பன்."

போய்விட்டார். கண்ணைத் திறந்தாள். அந்த நிம்மதிக்குள்ளும் ஒரு கசப்பு. இரண்டாவது முறையாக ஓர் அப்பாவை முகம் பார்க்காமலே அனுப்பியிருக்கிறாள்.

அறைக்கு ஓடினாள். இருட்டு. கட்டிலில் போர்வைக்குள் மேடு. இருக்கிறாள். குழந்தை இருக்கிறாள். மேலே விழுந்து கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

"போயிட்டாருடா கண்ணு. போயிட்டாரு."

போர்வை நனைந்திருந்தது. அதற்குள் தோள் அகலமாக இருந்தது.

கீழே, வாசலுக்கு வெளியே, ஓர் இருமல். சின்ன இருமல். தள்ளிப் போய்க்கொண்டிருந்தது.

"பை, அம்மா."

எழப் பார்த்தாள். முடியவில்லை. போர்வைக்குள்ளிருந்து வந்த ஒரு கை அவள் முதுகை வளைத்துப் பிடித்திருந்தது. இன்னொரு கை மெல்ல எழுந்தது. ஊறி வெளுத்த, பெரிய கை. அழுகிற மகளைத் தேற்றும் தகப்பனைப் போல அது அவள் தலையைத் தடவத் தொடங்கியது.