அத்தாயியின் ஐந்து கோழிகள்

நாமக்கல் வட்டாரத்தில் கோழிகள் நோயில் சாவது நின்று ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதற்கு முன்பெல்லாம் பறவைக் காய்ச்சல் வந்தால் கொண்டை நீலம் பாய்ந்து கோழிகள் கொத்துக் கொத்தாக விழும். பிறகு குழி வெட்டுவார்கள். உயிரோடு இருப்பதையும் சேர்த்துப் புதைப்பார்கள். அந்தக் கொடுமையைப் பார்த்து வளர்ந்து, அரசுக் கோழி ஆராய்ச்சித் தலைவியான ஹேமலதாதான் 'நோயிலி' என்ற கோழியினத்தை உருவாக்கினாள். மரபணுவில் ஒரே ஒரு திருத்தம். அந்தக் கிருமியால் இந்தக் கோழியைக் கொல்ல முடியாது. வட்டாரமே அவளைக் கொண்டாடியது. சாகாத கோழிக்கு எதற்குச் சோதனை என்று மாதிரி எடுப்பதையும் நிறுத்திவிட்டார்கள்.

இப்போது அவள் தனிமை வார்டின் கண்ணாடிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். உள்ளே அத்தாயி. ஹேமலதாவின் சோதனைப் பண்ணையில் இருபது வருடமாகத் தீவனம் போடுபவள். மூக்கில் குழாய், நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. ரத்தத்தில் இருந்தது பறவைக் காய்ச்சல் கிருமி. அவளைப் பார்த்துக்கொண்ட செவிலிக்கும் நேற்றிலிருந்து காய்ச்சல்.

மூன்று வாரத்துக்கு முன்னால் இதே அத்தாயி முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்து நின்றதை ஹேமலதா மறக்க முயன்று தோற்றிருந்தாள்.

"கருப்பணாருக்கு நேந்துவுட்ட அஞ்சு கோழியும் ஒரே நாள்ல செத்துப்போச்சுங் டாக்டரம்மா. சாமிக்கு என்னமோ கோவமுங்."

நோயிலிக் கோழி சாமிக்கு ஆகாது என்பதால், அத்தாயி கொட்டகைக்குப் பின்னால் ஐந்து நாட்டுக்கோழிகளை ஒளித்து வளர்த்திருந்தாள். பண்ணைகளைச் சுற்றி நாட்டுக்கோழியே கூடாது என்ற ஆணையில் கையெழுத்துப் போட்டவள் ஹேமலதா. அவளுக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. "குழி தோண்டிப் பொதைச்சிருங்க. இனிமே வளக்காதீங்க. வெளிய தெரிஞ்சா எனக்குத்தான் அசிங்கம்" என்றாள். கொண்டை என்ன நிறத்தில் இருந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்டிருக்கலாம். ஒரு நிமிட வேலை.

கண்ணாடியருகே இருந்த பேச்சுக்கருவியில் அத்தாயியின் குரல் கரகரத்தது. "ஏனுங் டாக்டரம்மா, என்ற கோழிதானுங்களே இந்த நோவக் கொண்டாந்துச்சு? நீங்க சொல்லியும் கேக்காம வளத்துப்போட்டனுங்."

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். அமைச்சகமும் அந்தப் பதிலைத்தான் எதிர்பார்த்தது. நோயிலியின் பெயரும் அவள் பெயரும் தப்பிவிடும். ஆனால் இன்று காலை கொட்டகையில் நோயிலிக் கோழிகளிடம் எடுத்த மாதிரிகள் அத்தனையிலும் கிருமி இருந்தது. கொழுகொழுவென்று வளர்ந்து முட்டையிட்டுக்கொண்டே அந்தக் கோழிகள் அதைப் பல மாதங்களாகச் சுமந்திருந்தன.

"இல்லீங் அத்தாயி," என்றாள் ஹேமலதா. "என்ற நோயிலிக் கோழிகிட்ட இருந்துதான் உங்க கோழிக்கு வந்துச்சு. உங்களுக்கும் அப்படித்தான்."

"அப்ப சாமிக்குக் கோவமில்லீங்களா?" என்று கேட்டுவிட்டு அத்தாயி கண்ணை மூடிக்கொண்டாள். அவள் முகத்தில் தெரிந்த நிம்மதியை ஹேமலதாவால் பார்க்க முடியவில்லை.

வராந்தாவில் கால்நடைத் துறை இணை இயக்குநர் காத்திருந்தார். "வேற எந்தெந்தப் பண்ணையில கிருமி இருக்கோ தெரியலைங்க மேடம். எல்லாம் சோதிச்சு முடிக்க மூணு மாசம் ஆகும். ஷெட்டுக்கு நாலு நாட்டுக்கோழி விட்டா, கிருமி இருக்கற எடத்துல ரெண்டே நாள்ல செத்துக் காட்டிக் குடுத்துரும்."

"விடலாமே."

"நம்ம ஆணைப்படி எல்லாத்தையும் அழிச்சாச்சுங்களே. பக்கத்து மாவட்டத்துலயும் இல்ல."

அன்று மாலை ஹேமலதா புதிய சுற்றறிக்கை ஒன்றை எழுதினாள். வேறு வழி அவளுக்குத் தெரியவில்லை. அதன்படி, மேற்பார்வையாளர்கள் தினமும் காலையில் கொட்டகைக்குப் போக வேண்டும். கோழிகளைப் பார்க்க வேண்டியதில்லை. தீவனம் போடுபவர்களில் யார் இருமுகிறார்கள், யார் வேலைக்கு வரவில்லை என்று பார்த்து உடனே தகவல் தர வேண்டும்.