இரண்டு பேருக்கு ஒரு மாஸ்க்

பொன்னையாவின் கண்கள் திறந்திருந்தன.

ஆனால்... அவர் எதையும் பார்க்கவில்லை!

நெல் மூடைகளுக்குப் பின்னால், சுவரோடு சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பின்தலையில் இரத்தம் காய்ந்து நரைமுடியோடு ஒட்டியிருந்தது.

சுதாஜினி வீரிட்டாள்.

அந்த அலறல் அடங்குவதற்குள்...

டமார்!

களஞ்சியத்தின் இரும்புக் கதவு அறைந்து மூடியது. வெளியே கனத்த இரும்புச் சட்டம் ஒன்று குறுக்கே விழும் சத்தம்.

இருட்டு!

சுதாஜினிக்கு இருபத்தேழு வயது. கிளிநொச்சியில் விதை நெல் பரிசோதிக்கும் உத்தியோகம். முரசுமோட்டை வயல்வெளியில் தனியே நிற்கும் இந்தக் களஞ்சியத்துக்கு அவளை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரச் சொன்னவரே காவலாளி பொன்னையாதான்.

கதவில் இரண்டு கையாலும் அடித்தாள்.

"ஆர் வெளியில? கதவைத் திறவுங்கோ! உள்ள ஆள் நிக்குது!"

வெளியிலிருந்து பதில் இல்லை.

உள்ளேயிருந்து வந்தது!

"சத்தம் போடாதீங்க மிஸ்..."

திரும்பினாள். கூரைத் தகரங்களின் இடுக்கால் கசிந்த வெளிச்சத்தில் ஓர் உருவம். முகத்தில் மூக்கையும் வாயையும் மூடிய பெரிய கறுப்பு மாஸ்க்.

பக்கத்து மூடையில் குத்தியிருந்த, மூடை தூக்கும் இரும்புக் கொளுக்கியைப் பிடுங்கினாள்.

"கிட்ட வந்தா குத்துவன்!"

"ஐயோ, நான் கொல்லலீங்க!" உருவம் மாஸ்க்கைக் கழற்றியது. நாற்பத்தைந்து வயது முகம். வியர்வையில் நனைந்திருந்தது. "என் பேரு சுடலைமுத்து. நெடுங்கேணிப் பக்கம். நெல்லுக்குப் பூச்சி மருந்து வைக்க வந்தவன். நானும் இப்பத்தான் அந்தப் பெரியவரப் பாத்தேன்."

"பொய்! பிறகேன் ஒளிச்சு நிண்டனீங்கள்?"

"நீங்கதான் கொன்னீங்களோன்னு பயந்துட்டேன்!"

சுதாஜினியின் கை தாழவில்லை.

அப்போது வெளியே செருப்புச் சத்தம்.

"முத்து... குளிசை எல்லாம் வைச்சு முடிஞ்சுதோ?"

களஞ்சியத்தின் சொந்தக்காரர் கதிர்காமநாதன்! ஊரில் பெரிய விதை நெல் வியாபாரி. சுடலைமுத்து கதவுக்குப் பாய்ந்தான்.

"மொதலாளி! தொறங்க! உள்ள ஒரு மிஸ் இருக்காங்க!"

"தெரியும்."

அந்த ஒற்றைச் சொல்லில் சுடலைமுத்து உறைந்தான்.

"மிஸ்..." கதிர்காமநாதன் கோயில் வாசலில் சுகம் விசாரிப்பவர் போலக் கதைத்தார். "நீங்க வந்திருக்கக்கூடாது. பொன்னையாவோட விசயம் முடிஞ்சிருக்கும். கிழவன் வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்கேல்ல."

"அப்ப பொன்னையா ஐயா போனில சொன்னது உண்மை! சாப்பாட்டு நெல்லை விதை நெல் எண்டு சாக்கு மாத்தி வித்தது நீங்கதான்! இந்தப் போகம் நூற்றுக்கணக்கான ஏக்கர் முளைக்கேல்ல. சனம் வயலுக்க நிண்டு அழுதது!"

"அழட்டும். நாளைக்கு உங்கட வீட்டிலயும் அழுவினம். மருந்து வைக்க வந்தவன் கவனமில்லை. உதவிக்குப் போன காவலாளி மயங்கி விழுந்து தலையில அடிபட்டுட்டான். பாக்கப் போன மிஸ்ஸும் மூச்சு முட்டிச் செத்துட்டா. விபத்து! அதுக்காகத்தான் பூட்டுக்கூடப் போடேல்ல. விடிய வந்து சட்டத்தை எடுத்து விட்டா, கதவு சும்மா சாத்திக் கிடந்தது எண்டு சொல்லலாம்."

செருப்புச் சத்தம் விலகிப் போனது.

சுதாஜினி கொளுக்கியைக் கீழே போட்டாள்.

"என்ன மருந்து அது? எவ்வளவு நேரம் இருக்கு எங்களுக்கு?"

சுடலைமுத்து மூடைகளைச் சுற்றிப் பார்த்தான்.

"குளிசைங்க, மாத்திர மாதிரி. காத்துப் பட்டாக் கரைஞ்சு நச்சு வாயுவா வரும். ஒரு மணி நேரம்... மிஞ்சினா ரெண்டு. வெள்ளப்பூண்டு வாசம் மாதிரி அடிக்கும். அது நல்லா அடிக்க ஆரம்பிச்சுட்டா..."

சுதாஜினி சுவர்களை அண்ணாந்து பார்த்தாள்.

"யன்னல்?"

"மேல இருக்கிற காத்து யன்னல் எல்லாத்தையும் வெளியில பொலித்தீன் போட்டு டேப் அடிச்சாச்சு." அவன் நெற்றியில் அடித்துக்கொண்டான். "நானேதான் ஒட்டினேன் மிஸ். ஒரு ஓட்ட விடாம..."

"போன்?"

"மருந்து வைக்கிற எடத்துக்கு போன் கொண்டாரக் கூடாதுன்னு மொதலாளி வாங்கி வச்சுக்கிட்டாரு. உங்களோடது?"

"ஸ்கூட்டி சீற்றுக்குக் கீழ!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பத்து நிமிடத்துக்கு முன் அவர்களுக்கு ஒருவரின் பெயர் ஒருவருக்குத் தெரியாது. இனி ஒரே காற்றைத்தான் பங்குபோட வேண்டும்!

சுடலைமுத்து ஓடினான். மூடைகளுக்கு இடையில் வைத்த குளிசைத் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வந்து ஒரு மூலையில் குவித்தான். மேலே வெற்றுச் சாக்குகளை அள்ளிப் போட்டான்.

"இது நிப்பாட்டுமோ?"

"நிப்பாட்டாது. கொஞ்சம் தாமதமாக்கும்." மாஸ்க்கை நீட்டினான். "இதப் போட்டுக்குங்க."

"உங்களுக்கு?"

"ஒண்ணுதாங்க இருக்கு."

"அப்ப நீங்க போடுங்கோ. உங்கட மாஸ்க்."

"எனக்கு மூணும் பொம்பளப் புள்ளைங்க மிஸ். உங்கள விட்டுட்டு நான் மூச்சு விட்டேன்னா, வீட்டுக்குப் போயி அதுங்க மொகத்த எப்பிடிப் பாக்குறது? போடுங்க!"

சுதாஜினி மாஸ்க்கை வாங்கினாள். போடவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில், ஒரு மூடையின் மேல் வைத்தாள்.

"மணம் வந்த பிறகு மாறி மாறிப் போடுவம். அதுவரைக்கும் வெளியில போக வழி பாப்பம்."

வழி பார்த்தார்கள்.

கதவை இருவருமாக உதைத்தார்கள். அது அசையவில்லை. சுவரின் அடியைக் கொளுக்கியால் கிண்டினார்கள். சீமெந்து! கத்தினார்கள். வயல்வெளிக்கு அப்பால் ஓர் உழவு இயந்திரம் உறுமிக்கொண்டு போனது. அவ்வளவுதான்.

மார்ச் மாத வெயில் தகரத்தைச் சுட்டது. களஞ்சியம் அடுப்பானது.

முக்கால் மணி நேரம்.

சுதாஜினி திடீரென்று தரையில் உட்கார்ந்தாள். மூச்சு ஏறி இறங்கியது. விரல்கள் கழுத்தைப் பிறாண்டின.

"மிஸ்! என்ன செய்யுது? வாசம் வருதா?"

"இல்ல... இது வேற..." பல்லைக் கடித்தாள். "கடைசிச் சண்டை நேரம், மாத்தளனில, எனக்குப் பன்ரண்டு வயசு. பங்கர் இடிஞ்சு விழுந்தது. நானும் தம்பியும் உள்ள. மண்ணுக்க அவன்ர கையைப் பிடிச்சுக்கொண்டு கிடந்தனான். ஆக்கள் கிண்டி எடுக்கேக்க... அவன் உயிரோட இல்ல. நான் பிடிச்சிருந்த கை மட்டும்தான் சூடா இருந்தது. இண்டைக்கும் நான் குளியலறைக் கதவைப் பூட்டுறேல்ல."

சுடலைமுத்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"எங்க அப்பா அம்மா மலையகத் தேயிலத் தோட்டத்துல இருந்து கலவரத்துக்குத் தப்பி வந்தவங்க. இங்க வந்தா இந்தச் சண்ட. நான் வேல எடத்துல உங்க மாதிரிதான் கதைப்பேன். பயம் வந்தா மட்டும் அம்மா பேச்சு வந்துரும். இப்பப் பாருங்க, வந்ததுல இருந்து அம்மா பேச்சுதான்!"

அந்த நேரத்திலும் சுதாஜினிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு அழுகையாக மாறியது.

"பொன்னையா ஐயா வெள்ளிக்கிழமையே என்னைக் கூப்பிட்டவர் அண்ணை. களைப்பா இருக்கு, ஞாயிறு வாறன் எண்டனான். வெள்ளியே வந்திருந்தா அவர் உயிரோட இருந்திருப்பார்."

'அண்ணை' என்ற சொல் அவளுக்குத் தெரியாமலே வந்திருந்தது.

"வெள்ளிக்கிழம நீங்க வந்திருந்தா, அன்னைக்கே ரெண்டு பேரையும் முடிச்சிருப்பான். எந்திரிங்க. அந்தப் பெரியவருக்காகவாவது வெளிய போவணும்."

அவன் அண்ணாந்து பார்த்தான். பின் சுவர் ஓரமாக மூடைகள் கூரைவரை அடுக்கியிருந்தன.

"தகரத்த மரத்தோட பிடிச்சிருக்கிற ஆணி துருப்பிடிச்சிருக்கு. கொளுக்கியால கிளப்பிப் பாப்பமா?"

ஏறினார்கள்.

உச்சியில் தகரம் நெருப்பாய்க் கொதித்தது. சுடலைமுத்து சட்டையைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டு கொளுக்கியைக் கொடுத்து நெம்பினான். ஓர் ஆணி தெறித்தது. இரண்டாவது... கை கிழிந்து இரத்தம் வழிந்தது. மூன்றாவது!

தகரம் ஒரு முழம் வளைந்தது. நீல வானம் கீற்றாய்த் தெரிந்தது.

ஒரு முழம்தான்!

"என் ஒடம்பு போகாது மிஸ். நீங்க போங்க."

சுதாஜினி தலையை அந்த இடுக்கில் நுழைத்தாள். தோள் இறுகியது. தகர விளிம்பு முதுகை அழுத்தியது. பன்னிரண்டு வயதில் மூடிய பங்கர் மண் மறுபடி மேலே விழுந்தது!

"ஏலாது... அண்ணை... என்னால ஏலாது..."

அவன் மூக்கை உறிஞ்சினான்.

"மிஸ்... வாசம் வருது!"

அவளுக்கும் வந்தது! தலை சுற்றியது. கீழே மூடையில் கிடந்த மாஸ்க் நினைவுக்கு வந்தது.

"இறங்கிப் போய் மாஸ்க்கைப் போடுங்கோ அண்ணை! நான் கதவைத் திறக்கிறன்!"

"போம்மா! போ!"

அவன் அவள் பாதங்களைத் தோளில் தாங்கி உந்தினான். முதுகுத் தோல் உரிந்தது. அடுத்த கணம்... காற்று!

கூரையில் சறுக்கிக் கீழே விழுந்தாள். விழுந்த இடம் உமிக் குவியல். தெற்கே ரோட்டு. ஓடினால் தப்பலாம். ஆனால் உள்ளே ஒரு மனிதன் இருக்கிறான்!

உமியை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு களஞ்சியத்தின் முன்பக்கம் ஓடினாள்.

மாமரத்தடிக் கதிரையிலிருந்து கதிர்காமநாதன் எழுந்தார். வெள்ளை வேட்டி. நெற்றியில் திருநீறு. கையில் இரும்புக் கம்பி.

"நில்லடி!"

அவள் நிற்கவில்லை. முழங்கையால் கதவின் சட்டத்தை மேலே தள்ளினாள். அது பாதி எழும்பியது. கம்பி காற்றைக் கிழித்துக்கொண்டு வந்தது. குனிந்தாள். கம்பி இரும்புக் கதவில் மோதி அலறியது. திரும்பிய வேகத்தில் கைகளிரண்டிலும் இருந்ததை அவர் முகத்தில் வீசினாள்.

உமி! கண்ணுக்குள்!

"ஐயோ!"

சட்டத்தை மறுபடி தள்ளினாள். அது கழன்று விழுந்தது. கதவு உள்ளேயிருந்து படாரெனத் திறந்தது. மாஸ்க்கோடு வெளியே பாய்ந்த சுடலைமுத்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்ற முதலாளியின் வேட்டியையும் சட்டையையும் சேர்த்துப் பிடித்து, ஒரு மூடையைத் தள்ளுவது போல உள்ளே தள்ளினான்.

கதவு மூடியது. சட்டம் மறுபடி குறுக்கே விழுந்தது.

இப்போது உள்ளே... கதிர்காமநாதன்!

"முத்து! திறவடா! செத்துப்போவன்! மூச்சு முட்டுது... மணக்குது... ஐயோ!"

சுதாஜினி ஸ்கூட்டியிலிருந்து போனை எடுத்துப் பொலிசுக்கு அழைத்தாள். இன்ஸ்பெக்டர் சிவராசா கிளம்புகிறேன் என்றார். இருபது நிமிடம் ஆகும் என்றார்.

"லைனில இருங்கோ சேர்." போனைக் கதவு இடுக்கில் பிடித்தாள். "கதிர்காமநாதன்! பொன்னையாவைக் கொலை செய்தது ஆர்? சொல்லுங்கோ!"

"நான்தான்! கம்பியால நான்தான் அடிச்சனான்! இண்டைக்கு விடிய! உங்களையும் நான்தான் பூட்டினனான்! திறவுங்கோ!"

"விதை நெல்?"

"எல்லாம் சாப்பாட்டு நெல்லு! எல்லாம் சொல்லுறன்... ஐயோ, வாந்தி வருது!"

உள்ளே ஓங்கரிக்கும் சத்தம். சுடலைமுத்து, யன்னல் ஒட்ட ஏறிய ஏணியைத் தூக்கினான்.

"எங்க போறியள் அண்ணை?"

"யன்னல் பொலித்தீனக் கிழிக்கப் போறேன். கொஞ்சம் காத்துப் போவட்டும். நான் பூச்சியக் கொல்றவன் மிஸ். மனுசன இல்ல."

சுதாஜினி தடுக்கவில்லை. ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டாள்.

பொலிஸ் ஜீப் வந்தது. கதவு திறந்தது. கதிர்காமநாதன் நாலு காலில் தவழ்ந்து வந்து மண்ணில் விழுந்தார். மீதி வாந்தியை இன்ஸ்பெக்டர் சிவராசாவின் சப்பாத்தில் எடுத்தார்.

"மருந்து ஏறிட்டுது ஐயா... ஆஸ்பத்திரி... கெதியா..."

விலங்கு மாட்டினார்கள். பொன்னையாவின் உடலை வெளியே கொண்டுவந்தபோது சுதாஜினி செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள்.

"உள்ள இருக்கிற மருந்தை ஆர் அகற்றிறது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நான் எடுக்கிறேங்க."

சுடலைமுத்து மாஸ்க்கோடு உள்ளே போனான். கொஞ்ச நேரத்தில் தட்டோடு வந்தான். முகத்தில் குழப்பம்.

"என்ன அண்ணை?"

"ரெண்டு மணி நேரமாச்சு. இந்நேரம் இதெல்லாம் தூளாப் போயிருக்கணும். வச்சபடியே இருக்கு மிஸ்!"

எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னான். ஒரு குளிசையைத் தூரத்திலிருந்து தண்ணீர் வாளிக்குள் எறிந்தான்.

புகையவில்லை. நுரைக்கவில்லை. வாளிக்குள் தண்ணீர் மெல்ல வெள்ளையானது.

மாஸ்க்கைக் கழற்றினான். இன்னொரு குளிசையை எடுத்து மதில் தூணில் தேய்த்தான்.

தூணில் வெள்ளைக் கோடு விழுந்தது!

"வெண்கட்டி..." என்றான். "பள்ளிக்கூடத்து வெண்கட்டிய உருட்டி டின்ல போட்டு வித்திருக்கானுங்க!"

"அப்ப... மணம்? எனக்குத் தலை சுத்தினது?"

"எனக்குந்தான் சுத்திச்சு. பயத்துல அடிச்ச வாசம் மிஸ்! அவரு எடுத்த வாந்தியும் அதே பயத்துக்குத்தான்!"

மண்ணில் கிடந்த கதிர்காமநாதன் விருக்கென்று எழுந்து உட்கார்ந்தார். குமட்டல் பறந்துவிட்டது. கண்ணில் கோபம் பொங்கியது.

"ஐயா! எனக்குப் போலி மருந்து வித்துப்போட்டாங்கள்! பச்சைக் களவு! உடன முறைப்பாட்டை எழுதுங்கோ!"

இன்ஸ்பெக்டர் சிவராசா புத்தகத்தை விரித்தார்.

"எழுதலாம். சாட்சி ஆரும் இருக்கினமோ?"

சுடலைமுத்து நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, மெதுவாக வெளியே விட்டான்.

"நாங்க ரெண்டு பேரும் வர்றோம்ங்க... மூச்சு விட்டுக்கிட்டே!"