புரொபசர் பிரதீபா

பிரதீபாவின் அம்மா வசுமதிக்கு நெதர்லாந்து போய் மேல்படிப்பு படிக்க ஆசை. கல்பாக்கம் குடியிருப்பிலிருந்து வெளிநாட்டுக்குப் படிக்கப் போன அண்ணன்களும் அக்காக்களும் நிறைய உண்டு. படிக்கப் போகும் அம்மா இவர் ஒருவர்தான்.

அம்மா ஒரு பாலிடெக்னிக்கில் சிவில் பாடம் நடத்துகிறார். சுனாமிக்குப் பிறகு, கடல் கரையை அரிக்காமல் எப்படித் தடுப்பது என்பதிலேயே அவருக்கு நினைப்பு. அதைப் படிக்க நெதர்லாந்துதான் சரி என்று முடிவு செய்தார்.

"அந்த நாட்டுல நிறைய இடம் கடலைவிடத் தாழ்வா இருக்கு. கடலைத் தடுக்க அவங்களுக்குத் தெரியாததா?" என்பார்.

விண்ணப்பம் போட்டாயிற்று. அடுத்த வியாழக்கிழமை மதியம் அங்கிருந்து ஒரு பேராசிரியர் போன் செய்து, ஆங்கிலத்தில் கேள்வி கேட்பார். அது ஒன்றுதான் பாக்கி.

அம்மா படாளத்தில் தமிழ் வழியில் படித்தவர். அதனால் சமைத்துக்கொண்டே ஆங்கிலம் பேசிப் பழகினார்.

"மை இன்ட்ரஸ்ட் இஸ் சோர் புரொடெக்‌ஷன்" என்று வெண்டைக்காயிடம் சொல்வார்.

கரைக்கு ஆங்கிலத்தில் 'ஷோர்'. அம்மாவின் வாயில் அது 'சோர்' என்றுதான் வந்தது.

கோடை விடுமுறை. அன்று தோழி ஸ்வாதி வீட்டுக்கு வந்திருந்தாள். அவளைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று பிரதீபாவுக்குத் தோன்றியது. இடுப்பில் துண்டைச் செருகினாள். ஒரு கரண்டியைக் காதில் வைத்துக்கொண்டாள்.

"ஹலோ, ஐ லைக் சோறு புரொடெக்‌ஷன். ஐ வில் சேவ் ஆல் தி சோறு" என்றாள்.

ஸ்வாதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள். பிரதீபா திரும்பிப் பார்த்தாள்.

வாசலில் பஜ்ஜித் தட்டோடு அம்மா நின்றுகொண்டிருந்தார்.

அம்மா தட்டை மேசைமேல் வைத்தார். "சூடா இருக்கு, பார்த்துச் சாப்பிடுங்க" என்றார். அடுப்படிக்குத் திரும்பிப் போய்விட்டார்.

பிரதீபாவின் காது இரண்டும் கொதித்தன. அம்மா திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

அதற்குப் பிறகு அடுப்படியில் ஆங்கிலமே கேட்கவில்லை. குக்கர் மட்டும் கத்தியது.

இரவுச் சாப்பாட்டின்போது அம்மா அப்பாவிடம் சொன்னார்: "நெதர்லாந்து வேணாங்க. ஆஸ்திரேலியாவுல ஒரு காலேஜ் இருக்கு. போன்ல கேள்வி கேட்க மாட்டாங்க, மார்க் மட்டும் போதும்."

"அங்க கடல் படிப்பு இருக்கா?"

"இல்ல. கட்டட மேலாண்மைதான்."

"உனக்குப் பிடிக்குமா?"

"எல்லாம் ஒண்ணுதான்" என்றார் அம்மா, தட்டைப் பார்த்துக்கொண்டே.

அப்பாவுக்குக் காரணம் புரியவில்லை. பிரதீபாவுக்குப் புரிந்தது. அவள் தட்டில் சோறு அப்படியே இருந்தது.

மறுநாள் மன்னிப்புக் கேட்க அடுப்படிக்குப் போனாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் வார்த்தை வரவில்லை. "தண்ணி வேணும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போனாள். மறுபடியும் தண்ணீர்தான் கேட்டாள். வயிறுதான் நிரம்பியது.

முகத்தைப் பார்த்தால்தானே பேச முடியவில்லை?

நேராக ஸ்வாதி வீட்டுக்கு ஓடினாள். "ஒரு போன் பண்ணிக்கறேன். நீ சிரிக்கக் கூடாது" என்றாள். ஸ்வாதி வாயைப் பொத்திக்கொண்டாள். பிரதீபா தன் வீட்டு எண்ணை அழுத்தினாள்.

"ஹலோ, ஐ ஆம் புரொபசர் ஃப்ரம் நெதர்லாந்து."

அம்மா வைத்துவிடுவாரோ என்று பிரதீபா பயந்தாள்.

"யெஸ், புரொபசர்" என்றார் அம்மா மெதுவாக.

"வொய் சீ இஸ்... வொய் சீ இஸ் ஈட்டிங் தி மண்?"

கடல் ஏன் மண்ணை அரிக்கிறது என்று அம்மா சொல்ல ஆரம்பித்தார். முதலில் தடுக்கித் தடுக்கி. பிறகு அலை, மணல், பாறை, கடல் அரித்துவரும் கடப்பாக்கம் கரை என்று வேகம் பிடித்தது. பிரதீபாவுக்குப் பாதிதான் புரிந்தது. அம்மாவுக்கு இவ்வளவு தெரியுமா? இவரையா கேலி செய்தோம்? அவளுக்குத் தலையே நிமிரவில்லை.

"இன்னொரு கேள்வி" என்றாள். குரல் உடைந்தது. "அன்னைக்கு நான் பண்ணது ரொம்பத் தப்பும்மா. ஸ்வாதி இல்ல, நான்தான் ஆரம்பிச்சேன். மன்னிச்சிடும்மா."

"புரொபசர், உங்க இங்கிலீஷ்ல தமிழ் கலந்துடுச்சு. நாளைக்கும் கூப்பிடுங்க" என்றார் அம்மா.

ஸ்வாதி வீட்டிலிருந்து புரொபசர் தினமும் கூப்பிட்டார். ஆஸ்திரேலியா பற்றிய பேச்சு நின்றுபோனது.

வியாழக்கிழமை, சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் முன்பே போன் அடித்தது. அம்மா எடுத்தார்.

"சொல்லுங்க புரொபசர், சாப்பாடெல்லாம் ஆச்சா?"

அப்போது குளியலறையிலிருந்து துண்டோடு பிரதீபா வெளியே வந்தாள். அம்மாவின் கண்கள் விரிந்தன. பிரதீபாவைப் பார்த்தார், போனைப் பார்த்தார். அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்.

"சாரி சார். ஐ தாட் யூ ஆர் மை டாட்டர்."

அந்தப் பக்கமும் யாரோ சத்தமாகச் சிரிப்பது கேட்டது. அதற்குப் பிறகு அம்மா பயப்படவே இல்லை. 'சோர்' எத்தனையோ தடவை வந்தது. பேராசிரியர் அது என்னவென்று கேட்கவில்லை. கடப்பாக்கத்தில் கடல் எவ்வளவு தூரம் உள்ளே வந்துவிட்டது என்றுதான் கேட்டார்.

இடம் கிடைத்தது. ஆகஸ்டில் அம்மா விமானம் ஏறினார்.

மறுநாள் காலை அப்பா சீப்பும் ரிப்பனுமாக உட்கார்ந்து, வெகுநேரம் போராடி இரட்டை ஜடை பின்னினார். ஒன்று காதுக்கு மேலே, ஒன்று கழுத்துக்குக் கீழே.

பள்ளி வாசலில் அதைப் பார்த்து ஸ்வாதி சிரித்தாள். "என்னடி இது? வா, அவிழ்த்துப் பின்னி விடறேன்."

"வேணாம், எங்கப்பா பின்னினது" என்றாள் பிரதீபா, ஜடைகளை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு.