கதவு போட்ட அலமாரி

“நான் கூப்பிட்டேனே.”

“கேக்கலை இலக்கியா. டிவி ஓடிட்டு இருந்துச்சு.”

“செஸ்தானே பாத்துட்டு இருந்தீங்க?”

மருத்துவமனைக் கட்டிலில், மணிக்கட்டில் போட்ட மாவுக்கட்டு காய்ந்துகொண்டிருந்தபோது அவள் கேட்டது அது. செஸ் ஆட்டத்தில் சத்தம் ஏது? இரண்டு பேர் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருப்பார்கள். எப்போதாவது ஒரு காய் நகரும். நிஷாந்த் மனைவிக்கு இளநீர் வாங்கிவரக் கீழே இறங்கிப் போனான். திரும்பி வந்தபோது அவள் அந்தப் பேச்சை விட்டிருந்தாள். அவனால்தான் விட முடியவில்லை. மழைக்காலம் போய்க் கோடையும் வந்துவிட்டது. எங்கேயாவது சும்மா நிற்க நேர்ந்தால் அந்த மூன்று வரிகளும் அவனுக்குள் ஓடத் தொடங்கிவிடும்.

திருச்சி தில்லைநகரில் ஒரு மரச்சாமான் கடையின் மேல்மாடியில் நிற்கும்போதும் ஓடின. சுற்றிலும் டிவி அலமாரிகள். தேக்கில் ஒன்று, பிளைவுட்டில் ஒன்று, கண்ணாடி வைத்தது, கால் வைத்தது, சுவரில் தொங்குவது. இலக்கியா ஒவ்வொன்றின் இழுப்பறையையும் வலது கையால் இழுத்துப் பார்த்துக்கொண்டு வந்தாள். இடது கையை இன்னும் அவள் கனமான எதற்கும் தருவதில்லை.

விற்பனைப் பெண் ஃபர்ஹானா, வீட்டில் என்னென்ன சாமான் இருக்கிறது என்று விசாரித்தாள். பெரிய திரை, நிற்கும் ஸ்பீக்கர் இரண்டு, நடு ஸ்பீக்கர், ஊஃபர், ஆம்ப்ளிஃபயர், செவிவேலி என்று நிஷாந்த் சொன்னான். கடைசிச் சொல்லைச் சொல்லும்போது மனைவியின் முகத்தைப் பார்த்தான். அவள் ஒரு கைப்பிடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

செவிவேலி இல்லாத வீடு இப்போது திருச்சியில் அபூர்வம். பார்க்க நீளமான ஸ்பீக்கர் போலத்தான் இருக்கும், வேலை நேரெதிர். வீட்டில் எழும் ஒவ்வொரு சத்தத்தையும் அது முதலில் கேட்கும். யாருக்கு எது வேண்டாமோ, அதற்குச் சரியான எதிரலையை அவருடைய காதருகே மட்டும் அனுப்பி, இரண்டும் மோதி அடங்கும்படி செய்துவிடும். ஒரே சோபாவில் அப்பா செய்தி கேட்பார், மகள் பாட்டுக் கேட்பாள், அம்மா எதையும் கேட்காமல் கண்ணயர்வாள். மேல்வீட்டுப் பிள்ளைகள் குதிப்பது, பக்கத்து வீட்டு மிக்ஸி, ஓட்டுக் கேட்டுப் போகும் வண்டி எல்லாம் காதைவிட்டுப் போயின. வீடு கட்டுகிறவர்கள் சுவரின் கனத்தைக் குறைத்துக்கொண்டார்கள். சத்தத்தை நிறுத்தத்தான் செவிவேலி இருக்கிறதே என்றார்கள். அதனால் இப்போது அதை ஒரேயடியாக அணைத்துவிடவும் முடியாது. அணைத்தால் அக்கம்பக்கத்தார் சாப்பாட்டு நேரத்துச் சண்டையெல்லாம் கூடத்துக்குள் வந்து உட்கார்ந்துவிடும்.

எந்தச் சத்தம் வேண்டாம் என்று அதற்கு எழுதித் தர வேண்டியதில்லை. முகத்தைப் பார்த்தே கற்றுக்கொள்ளும். ஒரு சத்தம் வரும்போதெல்லாம் நெற்றி சுருங்கினால், ‘இதை எடுத்துவிடவா?’ என்று திரையின் ஓரத்தில் கேட்கும். தலையாட்டினால் போதும்.

அது வீட்டுக்கு வந்த புதிதில் ஒரு மாலை, நிஷாந்த் அலுவலகத்திலிருந்து சக்கையாகத் திரும்பி சோபாவில் சாய்ந்திருந்தான். அடுக்களையிலிருந்து இலக்கியா கூப்பிட்டாள். என்னங்க, கறிவேப்பிலை இருக்கா பாருங்க. என்னங்க, மோட்டார் போட்டீங்களா. என்னங்க, உங்கக்கா போன் பண்ணாங்களே, பேசினீங்களா. திரையின் ஓரத்தில் கேள்வி எழுந்தது. யோசித்திருந்தால் வேண்டாம் என்றிருப்பான். யோசிக்கவில்லை. தலையாட்டினான்.

செவிவேலி அவள் குரலை எடுக்கவில்லை. அவள் வாயிலிருந்து வரும் அந்த ஒரு ‘என்னங்க’வை மட்டும் எடுத்தது. அது போனதும், அதன் பின்னால் வந்தவை அவனைப் பார்த்து வராதவை ஆகிவிட்டன. கறிவேப்பிலை இருக்கா என்பது அவள் தனக்குத்தானே முணுமுணுப்பதுபோல் இருந்தது. மோட்டார் போட்டீங்களா என்பது போனில் யாரிடமோ கேட்பதுபோல் இருந்தது. அவன் எழுந்திருக்க வேண்டியதில்லை. சௌகரியமாக இருந்தது. இன்று நினைத்தால் நெஞ்சைச் சுடுவது அதுதான். அது அவனுக்குச் சௌகரியமாக இருந்தது.

குளியலறையில் சோப்புத் தண்ணீரில் வழுக்கி விழுந்தவளுக்கு, அந்த வலியில் வேறு சொல் எதுவும் வாயில் வரவில்லை. திரும்பத் திரும்ப அந்த ஒன்றையே சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள். கூடத்தில் அவன், குதிரையை எங்கே நகர்த்துவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் அவளே கையை மார்போடு அணைத்துக்கொண்டு, ஈரப்புடவையோடு தவழ்ந்து கூடத்துக்கு வந்தாள்.

மறுநாள் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தவன், செருப்பைக்கூடக் கழற்றாமல் செவிவேலியின் முன்னால் நின்று, எடுத்த வார்த்தையைத் திருப்பி வைக்கச் சொன்னான். ‘வைத்தாயிற்று’ என்றது திரை.

ஆனால் அவள் வீடு திரும்பிய பிறகு அந்த ‘என்னங்க’ அவன் காதில் ஒருமுறைகூட விழவில்லை.

இயந்திரம் பொய் சொல்கிறதா, அவள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாளா? இதைக் கண்டுபிடிக்க அவனிடம் வழியில்லை. எடுக்கப்பட்ட சத்தமும் எழாத சத்தமும் காதுக்கு ஒன்றுதான். அவளிடம் கேட்கலாம். கேட்டால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் கேட்கவில்லை. அதற்குப் பதிலாகப் பாத்திரம் தேய்த்தான், மாவு அரைத்தான், அவள் தலைக்குச் சீயக்காய் தேய்த்துவிட்டான். நிஷாந்த் மாதிரி ஒரு மாப்பிள்ளை யாருக்கு வாய்க்கும் என்று மாமியார் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அதைக் கேட்கும்போதெல்லாம் அவனுக்குச் சோறு இறங்காது. இலக்கியா மட்டும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது தேவையென்றால் நடந்துவந்து அவன் முன்னால் நின்று, அவன் நிமிர்ந்த பிறகு பேசினாள்.

இயந்திரத்தை ஒரு கனமான கதவுக்குப் பின்னால் பூட்டிவிட்டால் தெரிந்துவிடும் என்று அவனுக்குத் தோன்றியது அப்போதுதான். மாலையில் ஒரு மணி நேரம் மூடிவைப்பது. அணைத்தால் ஏன் என்று அவள் கேட்பாள்; கதவை மூடினால் தூசிக்கு என்று சொல்லிக்கொள்ளலாம். அக்கம்பக்கத்துச் சத்தம் வந்தால் வரட்டும். அவள் கூப்பிட்டால் அதுவும் வரும். வயரெல்லாம் தூசி அடைகிறது, நல்ல அலமாரி ஒன்று வாங்கலாம் என்று அவளிடம் சொல்லிக் கூட்டிவந்திருந்தான்.

ஃபர்ஹானா அவர்களை ஒரு நீண்ட அலமாரியின் முன்னால் நிறுத்தினாள். முகப்பு முழுக்க மெல்லிய ரீப்பர் சட்டங்கள். இடுக்குகளுக்குப் பின்னால் கறுப்புத் துணி. ஆம்ப்ளிஃபயர் சூடாகாமல் இருக்கப் பின்பக்கம் காற்றுப் போகத் திறப்பு விட்டிருப்பதைக் காட்டினாள். ஊஃபரை மட்டும் தரையில் தனியாக வைக்கச் சொன்னாள். உள்ளே வைத்தால் அலமாரியே கடகடவென்று ஆடுமாம். செவிவேலிக்குத்தான் நடுத்தட்டு என்றாள்.

நிஷாந்த் முழு மரக்கதவு போட்டது எதுவும் இல்லையா என்று கேட்டான்.

“முழுக் கதவா? மூடினா செவிவேலி செவிடாயிடும் சார்.”

“பரவாயில்லை. கனமா இருந்தாத் தேவலை.”

ஃபர்ஹானா இலக்கியாவைப் பார்த்தாள். ஆண்கள் தவறான பொருளைக் கேட்கும்போது கடைக்காரர்கள் மனைவியைப் பார்க்கும் பார்வை அது. சுவரோரம் நின்ற வேங்கை மர அலமாரியை இலக்கியா விரலால் தட்டிப் பார்த்தாள்.

“நகை வைக்கிற பீரோ மாதிரி இருக்கு. டிவிக்கு இதைப் போட்டா, வர்றவங்க சாவி எங்கேன்னு கேப்பாங்க” என்றாள். வாங்கிய விலைக்குச் செவிவேலியை எதற்கு மூடிவைக்க வேண்டும் என்றும் கேட்டாள். அவன் தூசி என்றான். தூசிக்குத் துணி போதாதா என்றாள். ஃபர்ஹானா இடையில் புகுந்து, எதற்கும் ஒருமுறை கேட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாமே என்று அவர்களை ஓர் அறைக்குள் அழைத்துப் போனாள்.

அறைக்குள் ஒரு வீட்டின் கூடம்போலவே அமைத்திருந்தார்கள். சோபா, திரை, ரீப்பர் முகப்பு அலமாரி. அறையின் மறுமூலையில், பாதிச் சுவருக்கு அப்பால், அடுப்பில்லாத ஓர் அடுக்களை மேடை. சோபாவில் சாரை உட்காரச் சொன்னாள். மேடமை மேடைக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னாள். படம் ஓடத் தொடங்கியது; கடல், அலை, பறவைகள்.

“மேடம், வீட்ல சாரை எப்படிக் கூப்பிடுவீங்களோ அப்படிக் கூப்பிடுங்க. படம் ஓடினாலும் உங்க குரல் அவருக்குத் தெளிவாக் கேக்கும். வாங்க வர்றவங்க எல்லாருக்கும் இதைத்தான் முதல்ல செஞ்சு காட்டுவோம். வீட்ல முக்கியமான சத்தம் இதானே.”

நிஷாந்த் தலையைத் திருப்பி, பாதிச் சுவருக்கு மேலே தெரிந்த மனைவியின் முகத்தைப் பார்த்தான். இத்தனை மாதங்களில் அவன் ஆசைப்பட்டதும் பயந்ததும் இந்தக் காட்சிதான். இது வேறு இயந்திரம். இதற்கு அவனைத் தெரியாது; எதையும் எடுக்காது. அவள் உதடு அசைந்தால் போதும்.

அலை கரையேறித் திரும்பியது. அவள் உதடு அசையவில்லை.

“சும்மா கூப்பிடுங்க மேடம். இங்கே யாரும் இல்லை.”

“நான் இவரைக் கூப்பிடுறதில்லைம்மா” என்றாள் இலக்கியா. கோபமில்லை, வருத்தமில்லை. காப்பி சாப்பிடுவதில்லை என்பதுபோல் சொன்னாள்.

ஃபர்ஹானாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. படத்தை நிறுத்தினாள். வேறு மாதிரிகளின் படங்களை எடுத்துவருவதாகச் சொல்லிவிட்டு வெளியே போய், கதவையும் சாத்திக்கொண்டாள்.

நிஷாந்த் எழுந்து பாதிச் சுவர்வரை போனான். இயந்திரத்தின் மேல் கொஞ்சமாவது பழியைப் போடலாம் என்று அவன் வைத்திருந்த இடம் காலியாகிவிட்டது. அவள் முகத்தைப் பார்க்காமல், மேடையின் போலிக் குழாயைப் பார்த்துக்கொண்டே சொன்னான். நெற்றி சுருங்கியதை, திரை கேட்டதை, தலையாட்டியதை. சௌகரியமாக இருந்ததையும் சொன்னான். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம், விட முடியவில்லை. கதவு போட்ட அலமாரி எதற்கு என்பதையும் சொல்லி முடித்தான்.

இலக்கியா அந்தப் போலிக் குழாயை ஒருமுறை திருகிப் பார்த்தாள்.

“நீங்க கேட்டுட்டுத்தான் உக்காந்திருந்தீங்கன்னு நெனச்சேன். ஆட்டம் முடியட்டும், அப்புறம் போலாம்னு. அன்னைக்குத் தரையில கெடந்தப்ப அப்படித்தான் தோணுச்சு. அதுக்கப்புறம் எப்படிக் கூப்பிடுறது?”

“சத்தியமா எனக்குக் கேக்கலை.”

“கேக்கலைன்னா ஒரு பாரம் எறங்குது. கேக்கவே வேணாம்னு நீங்க சொல்லி வெச்சிருந்தீங்கன்னா அது இன்னொண்ணு. எதை வெச்சுக்கிறதுன்னு தெரியலை எனக்கு.”

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவனைக் கையால் தடுத்தாள். அவளுக்கு வேறு ஏதோ நினைவு வந்திருந்தது. காலேஜில் மூன்று வருடம் நான் உங்களை எப்படிக் கூப்பிட்டேன் என்று கேட்டாள். அவனுக்கு மறக்கவில்லை. பஸ் நிறுத்தத்தில், கேன்டீனில், நூலகத்தில் குரலை அடக்கி, அவள் அவன் பெயரைத்தான் சொல்லிக் கூப்பிடுவாள். கல்யாணமான மறுவாரம் அவன் அக்கா வீட்டு விருந்தில் அப்படிக் கூப்பிட்டுவிட்டாள். பந்தியில் ஒரு நொடி எல்லோரும் இலையைப் பார்த்தார்கள். அன்று திரும்பி வரும் வழியில் அவன்தான் சொன்னான், நாலு பேர் முன்னாடி வேணாமே என்று. நாலு பேர் இல்லாதபோது வேறு மாதிரி கூப்பிட்டால் நாக்குத் தவறும் என்று அவள் வீட்டிலும் ‘என்னங்க’ என்றே மாற்றிக்கொண்டாள்.

“எனக்கு அந்த வார்த்தை வரவே வராது. கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பழகினேன். நீங்க கேட்டீங்கன்னு பழகினேன். அதைத்தான் எடுக்கச் சொல்லித் தலையாட்டியிருக்கீங்க.”

அவனால் நிமிர முடியவில்லை. கதவு லேசாகத் திறந்தது. ஃபர்ஹானா எட்டிப் பார்த்து, வேங்கை மரத்தில் கதவு போட்டதையே சொல்லிவிடலாமா, செய்து தரப் பத்து நாள் ஆகும் என்றாள்.

“கதவெல்லாம் வேணாம்மா. கொஞ்சம் இருங்க” என்றாள் இலக்கியா. கதவு மறுபடி சாத்திக்கொண்டது. அவள் கணவனிடம் திரும்பினாள். “கதவு போட்டுட்டா மட்டும் நான் கூப்பிட்டுடுவேனா?”

“இல்லை” என்றான் நிஷாந்த். பிறகு, “நான் என்ன செய்யணும்னு நீயே சொல்லு” என்றான்.

இலக்கியா பாதிச் சுவரைச் சுற்றிக்கொண்டு வந்தாள். கூப்பிடாமல் வந்து முன்னால் நிற்கும் அதே பழக்கத்தில் வந்து நின்றாள். அவன் நிமிரும்வரை காத்திருந்தாள். நிமிர்ந்தபோது அவள் உதடுகள் அந்த ‘என்னங்க’வின் முதல் எழுத்துக்குத் திறந்து, அதை விட்டுவிட்டு மூடிக்கொண்டன.

“நிஷாந்த்” என்றாள். அவளுக்கே அது புதிதாக இருந்தது. “நான் உன்னை இப்படியே கூப்பிடட்டுமா, எல்லார் முன்னாடியும்?”